காட்டுத் திட்டத்தை ஊரோடு சேர்ந்து எழுதுவது எப்படி?

வனத்துறையில் புதிதாகச் சேர்ந்தவரோ, தொண்டு நிறுவனக் களப்பணியாளரோ, உள்ளாட்சி உறுப்பினரோ, "மக்கள் பங்கேற்புடன் வன மேலாண்மைத் திட்டம் தயாரிக்கவும்" என்ற பொறுப்பு கைக்கு வந்ததும் பலருக்கும் முதலில் தோன்றுவது ஊர்க்கூட்டம் போடுவதுதான். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கூட்டத்துக்கு முன்பு செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

பல இடங்களில் இப்படித்தான் நடக்கிறது. எங்கே நடவு, எந்த மரம், எவ்வளவு பரப்பு, எவ்வளவு நிதி என்று எல்லாம் முடிவாகிவிடும். அதன்பின் ஊரைக் கூட்டி "உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்" என்பார்கள். நான்கு பேர் பேசுவார்கள், எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். அடுத்த கோடையில் வேலிக்கம்பி காணாமல் போகும், கன்றுகளுக்குள் ஆடு இறங்கும். "மக்களிடம் ஒத்துழைப்பு இல்லை" என்று அறிக்கை போகும். கருத்துக் கேட்ட நேரத்தில் அந்தக் கருத்தால் மாற்றக்கூடியது எதுவுமே மிச்சம் இல்லை என்பது அந்த அறிக்கையில் வராது.

ஆகவே இந்த வழிகாட்டியில் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்: முடிவெடுக்கும் முன்பே மக்கள் உள்ளே வர வேண்டும், எதை மாற்ற முடியும், எதை முடியாது என்று அவர்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

1. எது முடிவாகிவிட்டது என்று முதலில் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு தாளில் மூன்று பட்டியல் எழுதுங்கள். சட்டத்தாலோ மேலிடத்து உத்தரவாலோ மாற்ற முடியாதவை முதல் பட்டியல். பேசி மாற்றக்கூடியவை இரண்டாவது. ஊரே முழுமையாக முடிவு செய்யக்கூடியவை மூன்றாவது. மூன்றாவது பட்டியலில் ஒன்றுமே இல்லையென்றால், உங்கள் மேலதிகாரியிடம் போய்ப் பேசுங்கள். ஊருக்குப் போவது அதற்குப் பிறகுதான்.

பங்கேற்பில் பல நிலைகள் உண்டு. மக்கள் பங்கேற்பைப் பற்றி எழுதிய அமெரிக்கர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-இல் இதை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாகப் பிரித்துக் காட்டினார். கீழ்ப்படியில் மக்களை ஏமாற்றி இணங்க வைப்பது, நடுவில் தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும், மேல்படிகளில் கூட்டு முடிவும் மக்களே நடத்துவதும். நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். "காட்டின் எல்லையை நம்மால் மாற்ற முடியாது. எந்தப் பகுதியை எத்தனை ஆண்டு மூடுவது, எந்த மரம் வைப்பது, வரும் பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யலாம்" என்று சொன்னால் மக்கள் அதை ஏற்றுக்கொள்வார்கள். எல்லாம் உங்கள் கையில் என்று சொல்லிவிட்டுப் பிறகு இல்லை என்றால், அடுத்து வருபவரையும் நம்ப மாட்டார்கள்.

சட்டத்தைப் படிக்காமல் களத்துக்குப் போகாதீர்கள். இந்தியாவில் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், மரபாகக் காத்துவரும் சமூகக் காட்டைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் காட்டைச் சார்ந்து வாழும் சமூகங்களுக்கு உரிமை தருகிறது. அங்கே கிராம சபையைக் கேட்டால் நல்லது என்ற நிலை இல்லை, அதுவே முடிவெடுக்கும் அமைப்பு. நேபாளத்தில் 1993-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி, காட்டைப் பயன்படுத்துவோர் சேர்ந்த பயனாளர் குழுவே தன் விதிகளையும் செயல்திட்டத்தையும் எழுதி, மாவட்ட வன அலுவலகத்தின் ஒப்புதலைப் பெறும் முறை வந்தது. தான்சானியாவின் 2002-ஆம் ஆண்டுச் சட்டம் ஊர் நிலத்திலுள்ள காட்டை ஊரே காப்பகமாக அறிவிக்க இடம் தருகிறது. பூர்வகுடிகள் வாழும் இடமென்றால், 2007-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பூர்வகுடி உரிமைப் பிரகடனம் சொல்வது போல, வற்புறுத்தல் இல்லாமல், முன்கூட்டியே, முழு விவரமும் தெரிந்த பின் பெறும் சம்மதம் வேண்டும். "வேண்டாம்" என்று சொல்லும் வாய்ப்பும் அந்தச் சம்மதத்துக்குள் அடங்கும். அந்தப் பதிலுக்கும் தயாராக இருங்கள்.

2. காட்டை யார் பயன்படுத்துகிறார்கள்?

ஊர்ப்பட்டியல் வேறு, காட்டைப் பயன்படுத்துவோர் பட்டியல் வேறு. நேபாளத்துப் பயனாளர் குழுக்களில் ஒருவர் எந்த நிர்வாக எல்லைக்குள் வசிக்கிறார் என்பதைவிட, எந்தக் காட்டை நம்பியிருக்கிறார் என்பதை வைத்தே உறுப்பினர் ஆகிறார். நல்ல அளவுகோல் அது.

விடியற்காலையில் காட்டுக்குப் போகும் பாதையின் வாயிலில் நில்லுங்கள். உள்ளே போகிறவர், வெளியே வருகிறவர், தலையிலும் தோளிலும் என்ன இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஒரு நாள், வறண்ட காலத்தில் ஒரு நாள் இதைச் செய்தால், எந்த அலுவலகப் பதிவேட்டிலும் இல்லாத ஆட்கள் தெரிவார்கள். விறகு சுமக்கும் பெண்கள், கிழங்கு தோண்டுபவர், தேன் எடுப்பவர், மூலிகை பறிப்பவர், கூடை முடைய மூங்கில் வெட்டுபவர், பக்கத்து ஊரிலிருந்து மாடு ஓட்டி வருபவர்.

பெரும்பாலும் விட்டுப்போகிறவர்கள், ஆண்டில் இரண்டு மூன்று மாதம் மட்டும் மந்தையோடு வந்து போகும் மேய்ப்பர்கள். நீங்கள் திட்டம் தயாரிக்கும் மாதத்தில் அவர்கள் அங்கே இருக்க மாட்டார்கள். அவர்கள் வழக்கமாகப் போகும் பாதையில் வேலி எழும்பும். அடுத்த பருவத்தில் மந்தையோடு வந்து நிற்கும்போது, உள்ளூர்க்காரருக்கும் அவர்களுக்கும் கைகலப்பு வரும். அவர்கள் எப்போது வருவார்கள் என்று விசாரித்து, அதுவரை அந்தப் பகுதியைப் பற்றிய முடிவைத் தள்ளி வையுங்கள். காலக்கெடு நெருக்கினால், அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்ப் பாருங்கள்.

ஒவ்வொரு பயனாளருக்கும் எதிரே ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்: இந்தக் காட்டை ஒரு வருடம் மூடினால் இவருக்கு என்ன ஆகும்? சிலருக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்கு அடுப்பு எரியாது. திட்டத்தின் பாரம் யார் தலையில் விழும் என்பது இதில் தெரிந்துவிடும். அவர்களிடமிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.

3. சிறு குழு முதலில், பெரிய கூட்டம் பிறகு

பெரிய கூட்டத்தில் நிலம் வைத்திருப்பவரும் வழக்கமாகப் பேசுகிறவரும் பேசுவார்கள். மற்றவர்கள் தலையசைப்பார்கள். அதனால் எட்டுப் பத்துப் பேர் கொண்ட சிறு குழுக்களாக முதலில் உட்காருங்கள். பெண்கள் தனியாக, மேய்ப்பவர்கள் தனியாக, நிலமற்றவர்கள் தனியாக, இளைஞர்கள் தனியாக. இடமும் நேரமும் அவர்கள் சொல்வதாக இருக்கட்டும். அலுவலகத்துக்கு வரச் சொன்னால் அன்றைய கூலி போகும்.

பெண்களின் பங்கை ஒப்புக்கு வைக்காதீர்கள். இந்தியா, நேபாளச் சமூகக் காடுகளை ஆராய்ந்த பொருளியலாளர் பினா அகர்வால், நிர்வாகக் குழுவில் பெண்கள் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும்போதுதான் அவர்கள் கூட்டத்துக்கு வருவதும் வாய்திறந்து பேசுவதும் கூடுகிறது என்று கண்டார். ஓர் ஆளைப் பெயருக்குச் சேர்த்தால் அவர் பேச மாட்டார். இந்திய வன உரிமை விதிகளில் 2012-இல் வந்த திருத்தம், கிராம சபைக்கு உறுப்பினரில் பாதிப்பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் நாட்டில் இப்படி விதி இல்லையென்றாலும் நீங்களே அதைக் கடைப்பிடிக்கலாம்.

4. சேர்ந்து நடங்கள், தரையில் வரையுங்கள்

என்னைக் கேட்டால், திட்டத்துக்கு ஒதுக்கிய நாட்களில் அதிகமானவை இதற்குத்தான் போக வேண்டும்.

காட்டின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை, பள்ளம் மேடு எல்லாம் தொடும்படி ஒரு பாதை தேர்ந்துகொண்டு, அங்கே தினமும் போகிறவர்களோடு நடங்கள். அப்படி ஒருமுறை ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரோடு போனேன். வரைபடத்தில் 'தரிசு' என்று போட்டிருந்த சரிவில் அவர் நின்றார். கம்பால் மண்ணைக் கிளறி, காய்ந்த வேர்முடிச்சு ஒன்றை எடுத்துக் காட்டினார். "மழை விழுந்த பத்தாம் நாள் இங்க புல்லு வந்துடும் தம்பி. மத்த எடத்துல ஒரு மாசம் ஆகும். குட்டி போட்ட ஆட்டுக்கு அந்த ஒரு மாசம் இதுதான் கஞ்சி. இங்க குழி வெட்டுனா நாங்க எங்க போறது?" நடவுக்குத் தோதான காலி இடம் என்று குறித்திருந்த சரிவு அது. அங்கேயே அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்தோம். செயற்கைக்கோள் படத்தில் அந்தப் பத்து நாள் கணக்கு தெரியாது.

நடந்து முடித்தபின் வரைபடம். தாளைக் கொடுத்தால் எழுதப் படிக்கத் தெரிந்தவர் கைக்குப் பேனா போய்விடும். தரையில் வரையச் சொல்லுங்கள். கோலப்பொடி, கல், இலை, குச்சி போதும். ஊற்று, பாதை, புனித மரம், இடுகாடு, தேன் பாறை, விலங்கு நடமாடும் இடம், தீப்பிடிக்கும் பகுதி எல்லாம் வரட்டும். ஆண்கள் ஒன்றும் பெண்கள் ஒன்றுமாகத் தனித்தனியே வரைந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே ஒரு பாடம். ஆண்கள் வரைந்ததில் மரமும் எல்லையும் தெளிவாக இருக்கும். பெண்கள் வரைந்ததில் தண்ணீரும் விறகுப் பாதையும். அதன்பின் ஜிபிஎஸ் கருவியோடு அந்தந்த இடங்களுக்குப் போய்ப் புள்ளி எடுத்து முறையான வரைபடமாக்குங்கள். ஒரு பிரதி ஊரில் இருக்க வேண்டும். வெளியாருக்குத் தெரியக்கூடாது என்று அவர்கள் சொல்லும் இடங்களை, அரிய மூலிகையோ வழிபாட்டு இடமோ, வரைபடத்தில் போடாதீர்கள்.

கூடவே பருவ அட்டவணை. எந்த மாதம் எது பூக்கும், எது காய்க்கும், எப்போது வயல்வேலை, எப்போது வெளியூர்ப் பிழைப்பு, எப்போது கையில் காசு இல்லை. நடவு வேலையை அறுவடை மாதத்தில் வைத்தால் ஆள் வராது. கையில் காசு இல்லாத மாதத்தில் வைத்தால் கூலியும் ஆகும், வேலையும் நடக்கும்.

5. தேவையும் வளர்ச்சியும்: ஒரு எளிய கணக்கு

கருத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு திட்டம் எழுத முடியாது. காடு எவ்வளவு தரும், ஊர் எவ்வளவு எடுக்கிறது என்பதை மக்கள் தாங்களே அளந்து பார்க்க வேண்டும்.

காட்டின் வெவ்வேறு பகுதிகளில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் எத்தனை மரம், எத்தனை இளங்கன்று, எத்தனை வெட்டிய அடிக்கட்டை என்று ஊர் இளைஞர்களை எண்ணச் சொல்லுங்கள். கட்டை நிறைய, கன்று இல்லை என்றால் அதன் பொருளை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது விறகு. முறை புரிவதற்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம். 80 குடும்பம், வாரம் மூன்று சுமை, சுமைக்கு 20 கிலோ. வாரத்துக்கு 4,800 கிலோ. ஆண்டில் 50 வாரம் என்றால் 240 டன். காடு 150 ஹெக்டேர், அடிமரத்தைத் தொடாமல் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ஒரு டன் எடுக்கலாம் என்றால் 150 டன். துண்டு விழுவது 90 டன். இந்த 90 டன் எங்கிருந்து வரும் என்பதுதான் அன்றைய கூட்டத்தின் பேச்சு. விறகு குறைவாகப் பிடிக்கும் அடுப்பா, வரப்போர மரங்களா, ஊர்ப் பொதுநிலத்தில் விறகுக்கென்றே ஒரு தோப்பா? பதில் கிடைப்பதற்கு முன் காட்டை மூடினால், பக்கத்து ஊர்க் காட்டில்தான் வெட்டு விழும்.

6. பலன் எப்போது, யாருக்கு?

காடு வளர இருபது, முப்பது ஆண்டு. வயிறு அவ்வளவு நாள் காத்திருக்காது. ஊர் வளர்ச்சிக்கான திட்டம் என்று பெயர் வைத்துவிட்டு, முதல் பலன் பதினைந்தாம் ஆண்டில் என்றால் யாரும் காவல் இருக்க மாட்டார்கள்.

மேற்கு வங்கத்தின் மேதினிப்பூர் மாவட்டத்து அராபாரியில் 1970-களின் தொடக்கத்தில் வன அதிகாரி அஜித் குமார் பானர்ஜி செய்ததை இங்கே படித்துக்கொள்ளலாம். பதினொரு ஊர்கள், ஏறத்தாழ 1,270 ஹெக்டேர் சீரழிந்த சால் மரக்காடு. ஊரார் காவல் காத்தால், மரம் விற்று வரும் தொகையில் 25 சதவீதம் அவர்களுக்கு என்று பேசினார்கள். அந்தப் பங்கு கைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை ஊரைத் தாங்கியது நடவு வேலையின் கூலியும், விறகு, புல், இலை போன்ற சிறு வனப்பொருட்களும்தான். சால் மரம் வெட்டிய கட்டையிலிருந்தே துளிர்க்கும் என்பதால், காவல் ஒன்றே காட்டை மீட்டுத் தந்தது. 1990-இல் இந்திய அரசு வனத்துறையும் ஊராரும் சேர்ந்து காட்டைப் பார்த்துக்கொள்ளும் கூட்டு வன மேலாண்மைக்கான சுற்றறிக்கையை அனுப்பியதற்கு இத்தகைய அனுபவங்களே அடிப்படை.

உங்கள் திட்டத்திலும் பலனைக் கால வாரியாக எழுதுங்கள். முதல் ஆண்டில் கிடைப்பது கூலி, புல், உதிர்ந்த விறகு. மூன்றாம் ஆண்டிலிருந்து பழம், விதை, இலை, தேன். பிறகு மூங்கில், கழி. கடைசியில் மரம். சிறு வனப்பொருளில் தொழில் தொடங்குவதென்றால், பதப்படுத்தும் இயந்திரம் வாங்குவதற்கு முன்பே வாங்குபவரைக் கண்டுபிடியுங்கள். பூட்டிய கொட்டகையில் துருப்பிடிக்கும் இயந்திரங்களைப் பார்த்தால் எனக்குப் பெரும் வருத்தம் வருகிறது. ஒரு குழுவின் சேமிப்பு முழுக்க அதற்குள் கிடக்கும்.

உரிமையின் காலமும் முக்கியம். குவாத்தமாலாவின் மாயா உயிர்க்கோளக் காப்பகத்தில் 1990-களில் ஊர்ச் சமூகங்களுக்கு 25 ஆண்டுக்கான காட்டு ஒப்பந்தங்கள் வழங்கப்பட்டன. அத்தனை ஆண்டுகள் கையில் இருந்ததால், சுழற்சி முறையில் வெட்டிக் காட்டை வைத்துக்கொள்வதில் அவர்களுக்கு லாபம் இருந்தது. இரண்டாண்டு ஒப்பந்தம் கொடுத்துவிட்டு முப்பதாண்டு மரத்தைக் காக்கச் சொல்வது நியாயமில்லை.

7. சண்டை வரும்

எல்லைத் தகராறு, பழைய வழக்கு, சாதி, கட்சி எல்லாம் காட்டுப் பேச்சுக்குள் வரும். அமுக்காதீர்கள். இரண்டு ஊருக்கு நடுவே எல்லை தெளிவில்லை என்றால், இரண்டு ஊரின் மூத்தவர்களையும் ஒன்றாக எல்லைக்கு அழைத்துப் போய் நடக்க வையுங்கள். ஒத்துப்போன இடத்துக்கு அங்கேயே கல் நடுங்கள். ஒத்துப்போகாத துண்டை "பேச்சில் உள்ள பகுதி" என்று வரைபடத்தில் தனி நிறத்தில் காட்டிவிட்டு, மற்றதில் வேலையைத் தொடங்கலாம்.

8. எழுதுவதும் ஏற்பதும்

திட்டம் ஊரார் பேசும் மொழியில், உரக்க வாசித்தால் புரியும்படி இருக்கட்டும். வாசகங்கள் சுருக்கமாக, ஆள், இடம், காலம், அளவு தெரியும்படி. "மேய்ச்சல் முறைப்படுத்தப்படும்" என்பது விதி ஆகாது. "கிழக்குச் சரிவில் மூன்று மழைக்காலம் மேய்ச்சல் இல்லை, அந்தக் காலத்தில் ஓடைக்கரையும் மேற்குச் சரிவும் திறந்திருக்கும், புல்லை அரிவாளால் அறுத்து எடுத்துப் போகலாம்" என்பது விதி.

வரைவைக் கொடுத்துவிட்டு உடனே கையெழுத்து வாங்காதீர்கள். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்து மேந்தா லேகா ஊரில், முடிவுகளை வாக்கெடுப்பில்லாமல் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் வரை பேசியே எடுப்பது வழக்கம். அதற்கு முன்பே படிப்பு வட்டங்களில் உட்கார்ந்து விஷயத்தைப் பல பக்கமும் பார்த்துவிடுவார்கள். 2009-இல் சமூக வன உரிமை பெற்ற முதல் ஊர்களில் அதுவும் ஒன்று; 2011-இல் தன் மூங்கிலைத் தானே விற்கும் நிலைக்கும் வந்தது. அவ்வளவு நேரம் உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். வரைவுக்கும் தீர்மானத்துக்கும் நடுவே சில வாரங்களாவது விடுங்கள். வீட்டில் பேசி, மறுபடி கேள்வியோடு வரட்டும்.

ஒவ்வொரு குழுவும் என்ன கேட்டது, அது திட்டத்தில் சேர்ந்ததா, சேரவில்லையென்றால் ஏன் என்று ஒரு பட்டியல் எழுதிப் பொது இடத்தில் ஒட்டுங்கள். பலர் இதைச் செய்வதில்லை. தன் பேச்சு எங்கே போனது என்று தெரிந்தால், கேட்டது கிடைக்காதவர்கூட அடுத்த கூட்டத்துக்கு வருவார்.

9. பணம், காவல், தண்டம்

பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, கையெழுத்திட மூன்று பேர், அவர்களில் ஒருவராவது பெண். மாதம் ஒருமுறை வரவு செலவைக் கூட்டத்தில் உரக்க வாசிக்க வேண்டும். குழுக்கள் பணத்தில்தான் முதலில் உடைகின்றன.

பொதுவளங்களை ஆராய்ந்து 2009-இல் பொருளியல் நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், நீண்டகாலம் நிலைத்த ஊர் அமைப்புகளில் சில பொதுத்தன்மைகளைக் கண்டார். எல்லை தெளிவாக இருக்கும். விதியைப் பயன்படுத்துவோரே எழுதியிருப்பார்கள். காவலர் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவராக இருப்பார். தண்டம் சிறிதாகத் தொடங்கித் தவறு கூடக்கூட ஏறும். தகராறைப் பக்கத்திலேயே, குறைந்த செலவில் தீர்க்க வழி இருக்கும். முதல் தவறுக்கே அரிவாளைப் பறித்து வழக்குப் போட்டால் அந்தக் குடும்பம் காட்டுக்கு எதிரியாகிவிடும். முதல் முறை கூட்டத்தில் கண்டித்துச் சொல்வது போதும். காட்டுத் தீக்காலத்தில் யார் எந்தப் பகுதிக்கு ஓட வேண்டும், யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற முறைப்பட்டியலும் இந்தப் பகுதியிலேயே வரட்டும்.

10. ஆண்டுதோறும் திரும்பப் பார்ப்பது

கயிறு கட்டி எண்ணிய அதே இடங்களில் ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி எண்ணுங்கள். பாதை வாயிலில் நின்று சுமை கணக்கையும் மறுபடி எடுங்கள். யார் சுமை குறைந்தது, யார் நடை நீண்டது என்று பாருங்கள். காடு அடர்ந்து, ஏழைக் குடும்பத்துப் பெண்ணின் விறகு நடை இரண்டு மணி நேரம் கூடியிருந்தால் விதியைத் திருத்த வேண்டும். ஐந்தாம் ஆண்டில் முழுத் திட்டத்தையும் திறந்து பேச வேண்டும் என்பதைத் திட்டத்திலேயே ஒரு விதியாக எழுதிவிடுங்கள்.

அதற்குள் நீங்கள் வேறு இடத்துக்கு மாற்றலாகிப் போயிருக்கலாம். ஆகவே வரைபடம், கூட்டப் பதிவேடு, எண்ணிக்கைத் தாள்கள், ஒப்புதல் கடிதம் எல்லாவற்றின் பிரதியும் முதல் நாளிலிருந்தே ஊரில் இருவர் பொறுப்பில் இருக்கட்டும். உங்களுக்கு அடுத்து வருபவரை அந்த இருவரோடு ஒரு நாள் காட்டுக்குள் நடக்க வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.